வாய்விட்டுப் படித்தவர்கள்

ஒரே கதைப் புத்தகத்தைப் பத்தாவது முறையாகப் படித்துக் காட்டும்போது ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாருங்கள். மடியில் இருக்கும் நான்கு வயதுக் குழந்தை உடனே நிறுத்தும். விட்ட சொல்லைச் சொல்லச் சொல்லி அடம்பிடிக்கும். அதற்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது காதில் பதிந்துவிட்டது. கதை எப்படி முடியும் என்று தெரிந்த பிறகும் மறுபடி மறுபடி கேட்பது அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான். கவிதை எழுதவும், எழுதியதை மேடையில் சொல்லவும் தேவையான முதல் கருவி அந்த வயதிலேயே கைக்கு வந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு பலர் அதைத் தொலைத்துவிடுகிறார்கள். ஏழெட்டு வயதில் "மனசுக்குள்ளேயே படி" என்று பழக்கப்படுத்துகிறோம். கண் வேகம் பிடிக்கிறது, புத்தகங்கள் மளமளவென்று முடிகின்றன. கதைக்கு அது போதும். கவிதைக்குப் போதாது. வேகமாக ஓடும் கண் பொருளை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓசையை விட்டுவிடும். நிறையப் படித்தவர்கள் எழுதும் முதல் கவிதை பார்க்க அழகாகவும் சொல்லிப்பார்த்தால் கரடுமுரடாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அதில் முதலாவது மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமும்தான் அளவு. உணர்ச்சியைச் சொல்லும் மெய்ப்பாடு பட்டியலில் வருவதற்கு முன்பே, ஓர் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கணக்கு வந்துவிடுகிறது. இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே குழந்தை மௌனமாகப் படிக்கத் தொடங்கிய பிறகும் நாளுக்குப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிப்பதை விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தை மூன்று நாள் படிப்பது நல்ல முறை. முதல் நாள் பொருள் விளங்கினால் போதும். இரண்டாம் நாள் எங்கே நிறுத்துவது என்று பார்க்கலாம். மூன்றாம் நாள் ஒலிகளை. தினமும் புதுப் பக்கம் என்று வைத்தால் குழந்தை எப்போதும் முதல் நாள் நிலையிலேயே இருக்கும், தடவித் தடவிப் படிக்கும். அந்தத் திக்கல் வழக்கமாகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

ஒலிகளில் கவனிக்க வேண்டியவை ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும், ர, ற இரண்டும். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியை ஒட்டித் தொடும். ள சொல்லும்போது நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழவுக்கும் அதே வளைவுதான், ஆனால் தொடாமல் நிற்க வேண்டும். பலரும் ழவில் தவறுவது நாக்கை வளைக்காததால் அல்ல, வளைத்த நாக்கைக் கடைசி நேரத்தில் அண்ணத்தில் ஒட்டிவிடுவதால். "வாழை" என்று இழுத்துச் சொல்லி, நடுவில் நாக்கு எதையும் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" மாதிரியான நாப்பிறழ் சொற்றொடர்கள் விளையாட்டாகத் தெரியும். அவற்றை மெதுவாகத் தொடங்கி, பிழையில்லாமல் ஐந்து முறை சொன்ன பிறகே வேகத்தைக் கூட்டினால் நாக்குக்கு அதைவிட நல்ல உடற்பயிற்சி இல்லை.

படிப்பதிலிருந்து எழுதுவதற்குத் தாண்டும் இடத்தில் ஒரு பழைய வேலை இருக்கிறது: பிடித்த கவிதையைக் கையால் பார்த்து எழுதுவது. வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறித்து, நிறுத்தக்குறி மாறாமல் எழுத வேண்டும். தட்டச்சு செய்தால் கை ஓடிவிடும். பேனாவோடு எழுதும்போது ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும், அப்போதுதான் "இங்கே ஏன் இந்தச் சொல்?" என்ற கேள்வி வரும். அடுத்த படியாக, இதுவரை படிக்காத ஒரு கவிதையின் கடைசி இரண்டு வரியை மூடிவைத்துவிட்டு, தானே இரண்டு வரி எழுதிப்பார்த்து, பிறகு திறந்து பார்க்கலாம். பத்தில் எட்டு முறை நம் வரி நீளமாகவும், விளக்கம் சொல்வதாகவும் இருக்கும். மூலத்தில் அந்த இடத்தில் ஒரு பொருளோ ஒரு செயலோ மட்டும் இருக்கும். இந்தப் பாடத்தை யாரும் வாயால் சொல்லி ஏற்ற முடியாது.

மனப்பாடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் தலைகீழாகச் செய்யப்படுவது அதுதான். எல்லோரும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். தவறும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. முடிவில் முதல் பத்தி நூறு முறையும் கடைசிப் பத்தி பத்து முறையும் சொல்லப்பட்டிருக்கும். மேடையில் மறதி எப்போதும் பின்பாதியில் வருவதற்கு இதுவே காரணம். கடைசிப் பத்தியை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். அடுத்து அதற்கு முந்தைய பத்தியைச் செய்து, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு அதற்கும் முந்தையது. இப்படிச் செய்தால் சொல்லச் சொல்ல நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கியே போவீர்கள், பதற்றம் குறையும்.

எழுதத் தொடங்கியதும் வரும் முதல் தொல்லை இரவல் சொற்கள். நிலவு, தென்றல், மௌனம், ஏக்கம், சிறகு. நிறையப் படித்ததன் பக்கவிளைவு இது. வெட்கப்பட வேண்டியதில்லை, பார்த்து எழுதாமல் யாரும் வளர்வதில்லை. ஆனால் பத்துக் கவிதை சேர்ந்ததும் உட்கார்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும். எந்தப் பெயர்ச்சொல் நான்கு கவிதைக்கு மேல் வருகிறது, "போல" எத்தனை, "ஆக" என்று முடியும் சொற்கள் எத்தனை. அந்தப் பட்டியலில் உள்ள எதையும் அடுத்த ஐந்து கவிதையில் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கட்டப்பட்டதுபோல் இருக்கும், மூன்றாவது கவிதையில் உங்கள் சொந்தச் சொல் வெளியே வரும்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிடுவது அடுத்த தவறு. "தனிமை அவளை வாட்டியது" என்று எழுதினால் கேட்பவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றைத் திரும்ப வைத்தாள்" என்றால் தனிமை என்ற சொல்லே வேண்டாம். மேடையில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. கேட்பவர் கையில் பக்கம் இல்லை, அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தட்டாவது வேண்டும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல், எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்பது. புத்தகத்தில் வளர்ந்தவருக்கு "வந்துகொண்டிருக்கிறேன்" இயல்பாக வரும். மேடையில் அது நீளம். "வந்துக்கிட்டிருக்கேன்" என்றால் ஓட்டம் வேறு. இரண்டும் சரியே. பிழையாவது, தெரியாமல் கலப்பது. ஒரு கவிதை முழுக்க எழுத்து வழக்கில் போய், ஒரே ஒரு வரி அம்மாவின் குரலாகப் பேச்சு வழக்கில் வந்தால் அந்த வரி பளிச்சென்று நிற்கும். அங்கங்கே சிதறினால் எழுதியவர் முடிவெடுக்கவில்லை என்பதுதான் கேட்கும்.

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், படிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: புதுக்கவிதை எழுதினாலும் சொல்லை அசை என்னும் ஒலித்துண்டுகளாகப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரத்து வேலை. தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றோடு, அதாவது புள்ளி வைத்த எழுத்தோடு, வந்தாலும் வராவிட்டாலும், நேர் அசை. இரண்டு குறில் சேர்ந்தாலோ, குறிலைத் தொடர்ந்து நெடில் வந்தாலோ நிரை அசை, அங்கும் பின்னால் வரும் ஒற்று கணக்கில் இல்லை. அசைகள் சேர்ந்தது சீர்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இதை வைத்து ஒரு வரியைப் பார்க்கலாம்:

கதவு திறந்தது காற்று நுழைந்தது

கத/வு, திறந்/தது, காற்/று, நுழைந்/தது. புளிமா, கருவிளம், தேமா, கருவிளம். மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர் என்று வந்திருப்பதால் வெண்பாவுக்குரிய சீர் இணைப்பான வெண்டளை பிசகவில்லை. முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் க, கா என்று முதலெழுத்து ஒத்துவரும் மோனை விழுந்திருக்கிறது, பொழிப்பு மோனை. இதையே "கதவைத் திறந்ததால் காற்று உள்ளே வந்துவிட்டது" என்று எழுதினால் செய்தி அதேதான், ஆனால் "காற்று உள்ளே" என்ற இடத்தில் வாய் தடுமாறும். பிரித்தும் சொல்லலாம், "காற்றுள்ளே" என்று சேர்த்தும் சொல்லலாம். "காற்று" என்பதன் கடைசியில் உள்ளது போன்ற குறுகிய உகரமான குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் நாக்கு சேர்க்கத்தான் பார்க்கும். எழுதும்போதே முடிவெடுக்காவிட்டால் மேடையில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

குறள் வெண்பாவில் இருபது எழுதிப்பார்க்கச் சொல்வேன். முதலடி 4 சீர், அடுத்த அடி 3 சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று. முதல் பதினைந்தும் சுமாராகத்தான் இருக்கும், சீர் நிரப்புவதற்காக "அன்றோ", "தானே" என்று ஒட்டுப் போட்டிருப்பீர்கள். பரவாயில்லை. அந்தக் குறுகிய கடைசிச் சீரில் குரல் தானாக நின்றுவிடுவதைக் கவனிப்பதே இந்தப் பயிற்சியின் பயன். கவிதை முடிந்தது என்று கேட்பவருக்கு ஓசையே சொல்லிவிடும். மேடையில் "நன்றி" என்று சொல்லும் வரை யாருக்கும் முடிந்தது தெரியாத கவிதைகள் எத்தனை!

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். மரம், கரம் எதுகை. மரம், பாரம் எதுகை ஆகாது, ஒன்று குறில் மற்றது நெடில். மோனையில் அதே எழுத்து மட்டுமின்றி இனவெழுத்தும் வரலாம்: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச, த இணை, ஞ, ந இணை, ம, வ இணை. இலக்கணப்படி எல்லாம் சமம். காதில் விழுவதில் அப்படி இல்லை. ச, த இணை தாளில் ஒட்டும் அளவுக்கு இன்றைய காதில் ஒட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். மேடைக்கு எழுதும்போது அதே எழுத்து மோனையையே நாடுங்கள். அதற்காக வரிக்கு வரி மோனை தேடினால் பொருள் மோனைக்குப் பின்னால் ஓட ஆரம்பிக்கும். நான்கு வரிக்கு ஒன்று தாராளம்.

தாளில் ஜொலித்து மேடையில் அணைந்துபோகும் வரிகள் உண்டு. "மனம்", "மணம்" என்று ஒரு விளையாட்டு, "இரை", "இறை" என்று ஒரு சிலேடை. படிப்பவர் கண்ணால் பார்த்து ரசிப்பார். கேட்பவரில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே விழும், கவிதையின் திருப்பமே அங்கே இருந்தால் கவிதை போயிற்று. சோதிக்க எளிய வழி: ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரே ஒரு முறை படித்துக் காட்டி, கேட்டதை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதியதில் எது மாறியிருக்கிறதோ அதை மாற்றுங்கள். விளக்கம் சொல்லிச் சமாளிக்க வேண்டாம், அரங்கில் அதற்கு வாய்ப்பு கிடைக்காது.

புதுக்கவிதையில் வரி முறிப்பதற்கும் காதே துணை. "ஒரு", "அந்த", "என்" என்ற சொற்களில் வரியை முடித்தால் குரல் அந்தரத்தில் தொங்கும். அந்தத் தொங்கல் வேண்டுமென்றே வைத்ததாக இருக்க வேண்டும், தாளில் அழகாகத் தெரிவதற்காக அல்ல. எழுதி முடித்ததைப் பத்து நாள் தொடாமல் வைத்துவிட்டு, திரும்ப எடுத்ததும் முதல் பத்தியை மூடிப் பாருங்கள். இரண்டாம் பத்தியிலிருந்தே கவிதை தொடங்குவது அடிக்கடி நடக்கும், முதல் பத்தி எழுதுபவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. கடைசி இரண்டு வரியையும் அப்படியே மூடிப் பாருங்கள்.

மேடைக்கு வரும்போது முதல் எதிரி கடிகாரம். சிகாகோவில் 1986இல் கிரீன் மில் என்ற இசை விடுதியில் மார்க் ஸ்மித் தொடங்கிவைத்த ஸ்லாம் என்னும் மேடைக் கவிதைப் போட்டிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றின் வழக்கமான விதி 3 நிமிடம், அதற்குமேல் 10 விநாடி சலுகை, அதையும் தாண்டினால் மதிப்பெண் குறையும். பார்வையாளரிலிருந்தே எடுக்கப்படும் ஐந்து நடுவர்கள் 0 முதல் 10 வரை தருவார்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவார்கள். இசையோ வேடமோ கைப்பொருளோ கூடாது, குரலும் உடம்பும் மட்டும். கவியரங்கத்தில் நேரம் இதைவிடத் தாராளமாக இருக்கலாம். ஆனாலும் 3 நிமிடத்துக்குள் ஒரு கவிதையை நிறுத்திப் பழகுவது எங்கும் உதவும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இடைநிறுத்தத்தையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 80 சொல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 210 சொல் எழுதினால் ஏறத்தாழ 2 நிமிடம் 40 விநாடி. மீதி 20 விநாடி கைதட்டலுக்கும் சிரிப்புக்கும்.

அடுத்து மூச்சு. அச்சடித்த தாளில் ஒரு சாய்கோடு போட்டால் சிறு நிறுத்தம், இரண்டு போட்டால் மூச்சு எடுக்கும் இடம். கையை வயிற்றில் வைத்துப் படியுங்கள். மூச்சு எடுக்கும்போது வயிறு முன்னால் வர வேண்டும், தோள் ஏறினால் அது மேல்மூச்சு, இரண்டு வரிக்குமேல் தாங்காது. எந்த வரியை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையோ அதை வெட்டுங்கள். பயிற்சியில் சிரமப்பட்டுச் சொல்லிவிடும் வரி, இதயம் படபடக்கும்போது கட்டாயம் உடையும்.

தமிழ்ச் சொற்பொழிவிலும் கவிதை வாசிப்பிலும் நான் காணும் மிகப் பெரிய குறை வரியின் கடைசியில் குரல் அமுங்கிப்போவது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வந்தானா, வரவில்லையா, வரமாட்டானா என்பதெல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. "அவன் திரும்பி வீட்டுக்கு" வரை கணீரென்று கேட்டு, "வரவில்லை" விழுங்கப்பட்டால் கேட்பவருக்கு நேர் எதிர்ப் பொருள் போய்ச் சேரும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் வட்டமிட்டு, அந்தச் சொற்களை மட்டும் வரிசையாக உரக்கச் சொல்லிப் பழகுங்கள். மூன்று நாளில் மாறும்.

ஒரு வரியை இரண்டு முறை சொல்வது தமிழ் மேடையின் அருமையான உத்தி. முதல் முறை சொல் போய்ச் சேர்கிறது, இரண்டாம் முறை பொருள். பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதவருக்கு அது ஒரு மரியாதை. ஆனால் கவிதைக்கு இரண்டு இடத்துக்குமேல் செய்தால் அதன் மதிப்பு போய்விடும், நேரமும் போய்விடும். எந்த வரி என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கைதட்டல் வரவில்லையே என்பதற்காக அங்கேயே திரும்பச் சொல்வது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று மோதிப் பொட்டென்று வெடிக்கும். குரலை உயர்த்தும் இடத்தில் தலையை நாலு விரல் பின்னால் எடுக்க வேண்டும், தாழ்த்தும் இடத்தில் அருகே போக வேண்டும். தாளில் எழுத்து 16 புள்ளி அளவு, வரிக்கு வரி இரட்டை இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு, ஒரு பத்தி இரண்டு தாளில் உடையக் கூடாது. மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், கெட்டி அட்டையில் ஒட்டிவிடுங்கள். கைபேசியைப் பார்த்துப் படிப்பதானால் திரை தானாக அணைவதையும் அழைப்புகளையும் முதலில் நிறுத்தி வையுங்கள்.

ஏறியதும் முதல் சொல்லுக்கு முன் இரண்டு விநாடி சும்மா நில்லுங்கள். முழங்கால் விறைக்காமல் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். பதற்றத்தில் எல்லோரும் வேகம் கூட்டுவார்கள், ஆகவே முதல் நான்கு வரியை மட்டும் செயற்கையாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாகப் பழகிவைத்தால் மேடையில் அது சரியான வேகமாக வரும். நடுவில் மறந்துபோனால் மன்னிப்புக் கேட்காதீர்கள், மேலே பார்த்து யோசிக்காதீர்கள். கடைசியாகச் சொன்ன வரியை இன்னொரு முறை சொல்லுங்கள், பெரும்பாலும் அதன் வாலைப் பிடித்து அடுத்த வரி வந்துவிடும். கேட்பவர் அதையும் உத்தி என்றே எடுத்துக்கொள்வார். அதுவும் நடக்காவிட்டால் சட்டைப் பையில் மடித்து வைத்த தாளை எடுத்துப் படிப்பதில் குற்றமே இல்லை.

இறங்கியதும், அன்று இரவே, தாளை எடுத்து எங்கே இருமல் கேட்டது, எங்கே நாற்காலி நகர்ந்தது, எங்கே சிரிப்பு நினைத்ததற்கு முன்பே வந்தது என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். மறுநாள் நினைவில் கைதட்டல் மட்டும்தான் இருக்கும். இருமல் கேட்ட இடங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அநேகமாக ஒரு சீர் கூடுதலாக இருக்கும், அல்லது ஒரு "போல".